கூரை முழுதாகத் தெரிந்தால் கட்டிடம் தப்பியது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி (பயிற்சியாளர்):
நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சேதம் குறிக்கப் பழகிவருகிறேன். ஓர் ஐந்து மாடிக் கட்டிடத்துக்குச் 'சேதமில்லை' என்று பச்சை வைத்தேன். பிறகு தரையிலிருந்து எடுத்த புகைப்படத்தைக் காட்டினார்கள்: தரைத்தளம் நசுங்கி, நான்கு மாடிகள்தான் நிற்கின்றன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகூடச் சாயவில்லை. எதைக் கவனிக்கத் தவறினேன்?

பதில் (பழைய குறிப்பாளர்):
நிழலை. ஒரு மாடி சுமார் மூன்று மீட்டர். சூரியன் 45 பாகையில் இருந்தால் நிழலும் மூன்று மீட்டர் குறையும். அரை மீட்டர் பிரிதிறன் படத்தில், அதாவது ஒரு பிக்சல் தரையில் அரை மீட்டரைக் காட்டும் படத்தில், அது ஆறு பிக்சல். ஆனால் சூரியனின் உயரக் கோணத்தைப் பார்க்காமல் அளக்காதீர்கள். முன்படம் குளிர்காலம், பின்படம் கோடை என்பதைக் கவனிக்காமல் நான் ஒருமுறை ஒரு தெருவையே இடித்துத் தள்ளிவிட்டேன். உண்மையில் அங்கே ஒரு சுவர்கூட விழவில்லை.

2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது 15 செ.மீ. பிரிதிறனுள்ள விமானப் படங்களை 600-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அலசினார்கள். அதிலும் சிக்கியவை பெரும்பாலும் கட்டிடச் சேதத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய நிலநடுக்க அளவுகோலின் 4, 5 ஆம் நிலைச் சேதங்கள்தாம், அதாவது மிகக் கடுமையான சேதமும் இடிந்து விழுந்தவையும். தூணில் விரிசல், சுவரில் பிளவு இவையெல்லாம் நேர்மேலிருந்து தெரியாது. சாய்கோணப் படம் கிடைத்தால் விடாதீர்கள்.

பதில் (ரேடார் பக்கம்):
மேகமோ இரவோ குறுக்கிட்டால் சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் உதவும். நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் தரையில் பட்டுத் திரும்பிய அலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் அளவு (ஒத்திசைவு) சரிந்த இடங்கள் சேதப் பகுதிகளாக இருக்கலாம். ஆனால் அது தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. மரம் அடர்ந்த இடத்தில் அதையும் நம்பாதீர்கள்.

கேட்டவர்:
அளந்தேன். முன்படத்தில் சூரியன் 40 பாகை, நிழல் 17.9 மீட்டர், உயரம் 15. பின்படத்தில் 50 பாகை, 10.1 மீட்டர், உயரம் 12. சரியாக ஒரு மாடியைக் காணவில்லை! பக்கத்துக் கட்டிடத்தின் நிழல் மட்டும் இடிபாட்டுக் குவியல் மேல் விழுந்து முறிந்து கிடக்கிறது. அதை எப்படி அளப்பது?

பதில் (பழைய குறிப்பாளர்):
அளக்க வேண்டாம். குவியலின் உயரம் தெரியாமல் வரும் எண் வெறும் ஊகம். 'தீர்மானிக்க இயலவில்லை' என்று குறித்து, களக்குழு பார்க்கவேண்டிய பட்டியலில் முதலில் போடுங்கள். பச்சை வைத்தால் அங்கே யாரும் போகமாட்டார்கள்.