மறு: மறு: ரிவர் பெட்டுக்குத் தமிழ்ல என்ன? (நாளைக்குக் கெடு!)

அனைவருக்கும் வணக்கம். ஆட்டக் கோட்பாடு புத்தகம் ஒண்ணு மொழிபெயர்த்துக்கிட்டிருக்கேன், போக்கர் அத்தியாயம் நாளைக்கு சாயங்காலம் குடுத்தாகணும், ஒரே ஒரு பத்தியில மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஸ்மால் பிளைண்டு, பிக் பிளைண்டுன்னு ரெண்டு ஆட்டக்காரங்க, சீட்டைப் பாக்காமலே காசு வைக்கிறவங்க. ஃபிளாப்புல (எல்லாருக்கும் பொதுவா விரிக்கிற முதல் மூணு சீட்டு) இருந்து ஒவ்வொரு சுத்துலயும் முதல்ல வாயைத் திறக்க வேண்டியதும் அவங்கதான். ரிவர், அதாவது கடைசிப் பொதுச்சீட்டு, விழுந்துட்டா அப்புறம் சீட்டே கிடையாது, வைக்கிற காசு ஒண்ணு நல்ல கைக்கு வசூல், இல்லன்னா வெறும் உதார். அங்க பிளைண்டுக்காரர் எதிராளிக்கு முந்திக்கிட்டு பெட்டு வைக்கிறாரே, அதுக்கு ஒரு சொல் குடுங்க. செக் (காசு வைக்காம விடுறது), செக்-ரெய்ஸ் (விட்டுட்டு, எதிராளி வெச்சதும் ஏத்துறது), பிளாக் பெட்டு (பெருசா வைக்க விடாம நாமளே சின்னதா வைக்கிறது), இதுக்கெல்லாம் சேத்து.

---

ரிவர் = ஆறு. இதுக்குப் போய் ஒரு மடலா?

---

> ரிவர் = ஆறு

ஐயா, ஆறுன்னு போட்டா ஆறாவது சீட்டுன்னுதான் படிப்பாங்க, அது அஞ்சாவது! இலக்கணம் ரெடியா வெச்சிருக்கே, ஈற்றுச்சீட்டு. அதுக்கு முந்தின டர்ன், ஈற்றயற்சீட்டு. நேரிசை ஆசிரியப்பாவுல ஈற்றயலடி முச்சீரா வருதுல்ல, அந்த 'ஈற்றயல்'தான். பெட்டுக்கு பணயம் வேண்டாம், வடமொழி. ஒட்டம்னு நல்ல பழைய சொல் இருக்கு. கைன்னு சொல்றதுக்கும் குறள் 935ல "கவறும் கழகமும் கையும்"னு ஆதாரம் இருக்கு.

---

அந்தக் கை கையில இருக்கிற சீட்டு இல்லீங்க, ஆடுறவனோட கைத்திறமை. கழகம்னா சூதாடுற இடம், அதுல இருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் வந்த கதையை ஆரம்பிச்சா விடிஞ்சுரும், அவருக்கு நாளைக்குக் கெடு. ஈற்றயற்சீட்டுன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, நாக்கு மடங்குது.

பிளைண்டுக்கு குருட்டுப்பணம்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, பார்வையில்லாதவங்களை ஏன் இதுல இழுக்கணும்? 'பாராவைப்பு'ன்னு வைக்கலாம். காணாப்பணம்னு ஒரு யோசனை வந்துச்சு, காணாமப் போன பணம் மாதிரி இருக்கு (போகப்போறது என்னவோ உண்மைதான்).

---

செக்குக்கு 'விடு'. அப்ப செக்-ரெய்ஸ்? விட்டுப்பிடி! நாம கண்டுபிடிக்கவே வேண்டாம், ஜனங்க வாயிலயே இருக்கு. அவன் காசு வைக்கிற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஏத்திப் பிடிக்கிறது.

---

விட்டுப்பிடிக்கு ரெண்டு கையும் தூக்குறேன். முந்திக்கிட்டு வைக்கிறதுக்கு 'முந்துவைப்பு' சரியா? புத்தகத்துல வர்ற கணக்கு இது: நடுவுல 100 இருக்கு, உதார்ல 100 முந்துவைப்பு வெச்சா நட்டம் வராம இருக்க ரெண்டுல ஒரு தடவை எதிராளி சீட்டைப் போட்டுட்டு ஓடணும், 50 வெச்சா மூணுல ஒரு தடவை ஓடினாப் போதும். பிளாக் பெட்டுன்னா, கை சுமாரா இருக்கு, விட்டா அவன் 75 வெச்சு மென்னியைப் பிடிப்பான், அதனால நாமளே 25 வெச்சு விலையை நிர்ணயிச்சுர்றது. அவன் ஏத்திட்டா போச்சு.

---

அது தடுப்பணை! ஆத்துல சின்னதா ஒண்ணு கட்டி வெள்ளத்தை நிறுத்துறது. இப்பத் தெரியுதா ஆறுன்னு ஏன் சொன்னேன்னு? ஈற்றுச்சீட்டுல அணை கட்ட முடியுமா?

---

முந்துவைப்பு சரி, ஆனா பிளைண்டுக்காரர்தான் வைப்பாருன்னு ஒட்ட வைக்காதீங்க. ரெண்டு பிளைண்டும் மட்டும் மிஞ்சினா பிக் பிளைண்டு பின்னாடிதான் பேசுவாரு. உதார் இந்திக் கடன் சொல்லான்னு யாராவது கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன், உதாருக்கு 'பொய்யொட்டம்'னு போட்டா புத்தகத்தை மூடிருவாங்க.

---

எல்லாருக்கும் நன்றி, இப்பவே மணி ஒண்ணேகால். விட்டுப்பிடி, முந்துவைப்பு, தடுப்பணை, உதார் உள்ள போகுது. பிளைண்டும் ரிவரும் அப்படியே இருக்கட்டும், அதுல யாரும் ஒத்துப் போகல, இப்ப எல்லாரும் தூங்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

---

தூங்கல. ஆறு இல்லாம தடுப்பணை மட்டும் போடுறீங்க, அதை எங்க கட்டுவீங்க?

---

ஈற்றயற்சீட்டை அடிக்குறிப்புலயாவது போடுங்க.