புதுப்பிப்பு: தேடலில் மேலே வருவதற்காகக் கட்டுரை போடுவதில் பலன் உண்டா?

எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையின் இணையதளத்துக்கு மாதாமாதம் காசு கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்கலாமா என்று தை மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "போனில் கேட்கிறதையே எழுதுங்க தம்பி" என்று காரைக்குடி அண்ணன் ஒருவர் சொன்னதுதான். கூகுள் தேடலிலிருந்து எத்தனை க்ளிக் வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைப் பார்த்தேன். ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த கட்டுரைகளுக்கு க்ளிக்கே இல்லை. தேடுபொறிக்காகவே எழுதுவதைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தை கூகுள் 2022 ஆகஸ்ட்டில் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அதை முதன்மைத் தரவரிசை முறையிலேயே சேர்த்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

அப்புறம் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு மூன்றே பக்கம் எழுதினேன். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றுவது, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது, பதித்த தரையில் ஆசிட் ஏன் படவே கூடாது என்பது (சிமெண்டை அரித்துப் பளபளப்பு போய்விடும்). ஆசிட் பக்கத்தைத்தான் அதிகம் படிக்கிறார்கள்.

எதிர்பாராதது ஒன்று. கூப்பிடுகிறவர்களில் பலர் புதுவீடு கட்டுகிறவர்கள் இல்லை. தாத்தா காலத்து வீட்டில் உடைந்த நாலைந்து கல்லை மாற்ற நினைப்பவர்கள். படம் அனுப்பச் சொல்லி, அதே பூவுக்கு அச்சு தேடி ஊற்றிக் கொடுக்கிறோம்.