சிலியா: பிசிரா, குறு இழையா, துழாவிழையா?

அண்ணாச்சி,

செல்லின் மேல் மயிர்போல் நின்று அசையும் சிலியாவுக்கு (cilia) 'துழாவிழை' என்று நான் சொன்னதற்கு நீங்கள் கேட்டது:

> பிசிர் இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

ஈழத்தில் அது புழங்கும் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊரில் பிசிறு என்றால் என்ன? ஈத்தாமொழிப் பக்கம் கயிறு திரித்து முடித்ததும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, வெட்டி எறிகிற தும்பு, அது. சிலியாவோ அதை உடைய ஒருசெல் உயிரிக்குக் கையும் காலும்.

பள்ளிப் புத்தகத்தின் 'குறு இழை' தப்பில்லை, நீளத்தைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். கசையிழை (flagellum, செல்லின் நீண்ட வால் போன்ற இழை) என்றதும் சாட்டை வீச்சு கண்ணில் வருகிறது, இதில் ஒன்றும் வரவில்லை. இத்தனைக்கும் இரண்டுக்கும் உள்கட்டு ஒன்றுதான்: சுற்றி ஒன்பது ஜோடி நுண்குழல், நடுவே இரண்டு. வேறுபடுவது அசைவில்.

போன வாரம் தேரூர் குளத்து ஓரத்தில் பாசியோடு கொஞ்சம் தண்ணீர் மோந்து, வைக்கோல் துண்டு போட்டு நாலு நாள் வைத்திருந்து ஒரு சொட்டைப் பார்த்தேன். கால் மில்லிமீட்டர் அளவு பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி ஒன்று உருண்டுகொண்டே வந்து பாசியில் முட்டியது, சட்டென்று பின்னால் போனது, லேசாகத் திரும்பி மறுபடி முன்னால், முட்டுச் சந்தில் மாட்டின ஆட்டோ மாதிரி. என் பழைய நுண்ணோக்கியில் இழைகள் தனித்தனியாகத் தெரியவில்லை, ஓரத்தில் ஒரு மினுமினுப்பு மட்டும். ஆயிரக்கணக்கான இழைகள் அலையலையாக அடிப்பதுதான் அது: விறைப்பாக ஒரு வீச்சு, பிறகு வளைந்து நெளிந்து பழைய இடத்துக்கு.

> அப்போ நீந்திழை?

அதே சொட்டில் வார்ட்டிசெல்லா என்ற இன்னொரு ஒருசெல் உயிரியும் இருந்தது. காம்பில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மேசையைத் தட்டினால் காம்பு ஸ்பிரிங்காகச் சுருண்டுகொள்கிறது. அது எங்கே நீந்துகிறது? ஒட்டிய இடத்திலிருந்தே தண்ணீரைச் சுழற்றி பாக்டீரியாவை வாய்க்கு இழுக்கிறது. துடுப்பிழை என்றால் மீன் துடுப்போடு குழம்பும்.

அதனால்தான் துழாவிழை. கஞ்சியைத் துழாவுகிறோமே, அந்தத் துழாவல். நம் மூச்சுக்குழலில் சளியை மேலே தள்ளும் சிலியாவுக்கும் பொருந்தும். துழாவு என்பதில் முற்றியலுகரமாச்சே (குறுகாத முழு உகரம்), இழையோடு சேரும்போது அந்த உகரம் கெடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். சில இடத்தில் கெடும் என்று நன்னூல் விட்டிருக்கிறது.

சிலியேட்டுக்கு, அதாவது இந்த இழைகள் கொண்ட ஒருசெல் உயிரி வகைக்கு, 'துழாவி' போதும். ஒரு சிக்கல், தவளைக் குடலில் வாழும் ஓபலினாவுக்கும் உடல் முழுக்க இழை உண்டு, ஆனால் அது துழாவி இல்லை. துழாவி என்றால் இரண்டு வகை உட்கரு இருக்க வேண்டும், ஓபலினாவில் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே வகை.

அந்த இரண்டுக்கும் பெரிய, சிறிய என்று மறுபடி அளவை வைத்தே பெயர் வைத்திருக்கிறோம். பெரியது அன்றாட வேலையை நடத்துகிறது, சிறியது பொத்தி வைத்திருந்து இரண்டு துழாவிகள் இணையும்போது மாற்றிக்கொள்வதற்கு. நடப்புக் கரு, வைப்புக் கரு என்றால் ரொம்ப வங்கி வாடை அடிக்குமா?