ஸ்பிட்டிக்குப் பாடம் சொல்லப் போகலாமா, கொழிஞ்சாம்பாறையிலேயே இருக்கலாமா?

கணக்கு டீச்சர், கொழிஞ்சாம்பாறை:
மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா வித்யாலயாவில் கணக்கு ஆசிரியர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இடம் இமாசலப் பிரதேசம், ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு, தாபோவுக்குப் பக்கம். 3,000 மீட்டருக்கு மேலே. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி, தங்குவதும் அங்கேயே. இங்கே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், மூன்று வருஷமாகத் தமிழ் மீடியம் பள்ளியில் தினக்கூலி டீச்சராக இருக்கிறேன். மார்ச்சோடு வேலை முடியும், ஜூனில் மறுபடி இன்டர்வியூ. அப்பா போ என்கிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை. எனக்கு ஆசைதான், ஆனால் பாதிப் பாடத்தில் எழுந்து போவது போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், சித்தூர்:
அம்மணி, போகாதே. நம் தாலுகாவில் தமிழ் தெரியாத ஆசிரியர் தமிழ் மீடியம் வகுப்புக்கு வந்தால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவன் நான். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையனின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். போர்டில் இருந்த மலையாள எழுத்தை அப்படியே படம் வரைகிற மாதிரி வரைந்து வைத்திருந்தான், சுழி சுழியாக. என்னடா இது என்றால் விழிக்கிறான். பின்னம் என்று கேட்டால் அவனுக்குத் தெரியும். 'பின்னசங்க்ய' என்று கேட்டதால் வாயை மூடிக்கொண்டான். கணக்கு வராத பையன் என்று பேரும் வாங்கிவிட்டான். அவனுக்கு நீ வேண்டும். ஸ்பிட்டிக்குப் போக நாடு முழுக்க ஆள் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்கு வர யார் இருக்கிறார்கள்?

வடக்கே ஆறு வருஷம், வேலந்தாவளம்:
ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பையன் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறான். ஸ்பிட்டியில் வீட்டுப் பேச்சு திபெத்திய மொழியைச் சேர்ந்தது. பள்ளிக்கு வந்தால் இந்தி. நவோதயாவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கணக்கும் அறிவியலும் இங்கிலீஷில். நான் பக்கத்து மாவட்டமான கின்னௌரின் மேல்பகுதியில் பாடம் நடத்தியபோது முதல் மாதம் ஒரு கை கூட உயரவில்லை. சரி, உங்கள் மொழியில் எண்ணுங்கள் என்றேன். சிக், ஞீ, சும். நானும் கூடவே தப்புத் தப்பாக எண்ண, வகுப்பே சிரித்தது. மறுநாள் பின்பெஞ்சுப் பெண் எழுந்து, விடை தப்பு சார் என்று என்னைத் திருத்தினாள். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று வளர்ந்த டீச்சருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று, ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது: ஒரு பெண்ணைத் தினக்கூலியில் நிறுத்தி வைத்துக்கொண்டு கடமையைப் பற்றிப் பேசுவது நியாயமா?

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், சித்தூர்:
கோபம் எதற்குத் தம்பி? தினக்கூலி அநியாயம்தான், அதை நானும் பல இடத்தில் பேசியிருக்கிறேன். ஆனால் தமிழ் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினால் பெற்றோரும் பிள்ளைகளை மலையாளம் மீடியத்துக்கு மாற்றுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் தமிழ் வகுப்புப் பிரிவே போய்விடும். அப்புறம் அந்த வேலையே இருக்காது. நவோதயாதான் வேண்டுமென்றால் மலம்புழாவிலும் ஒன்று இருக்கிறதே, அதற்கு முயற்சி செய்யட்டும்.

பரம்பிக்குளத்துக்காரன்:
இரண்டு பேரும் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரும் சித்தூர் தாலுகாதான், முதலமடைப் பஞ்சாயத்து. ஆனால் வண்டியில் வரவேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் போய் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் சுற்றி வரவேண்டும். காடர், மலசர் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிற ஊர். வந்த டீச்சர்கள் நல்லவர்கள்தான். ஆனால் என் மகள் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பேரைப் பார்த்துவிட்டாள். நாலாவது டீச்சர் வந்து, உன் பேர் என்ன என்று கேட்டதற்கு அவள், "நீங்க எப்பப் போவீங்க?" என்று கேட்டாள். தங்கச்சி, எத்தனை வருஷம் இருப்பாய்? ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு டிரான்ஸ்பருக்கு எழுதிப்போடுவதாக இருந்தால் தயவுசெய்து போகாதே.

கணக்கு டீச்சர், கொழிஞ்சாம்பாறை:
அண்ணா, அந்தக் கேள்வியைப் படித்தபிறகு தூக்கம் வரவில்லை. சம்பளத்தை மட்டும் நினைத்திருந்தேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போகிறேன். நான் ஆறாம் வகுப்பில் எடுக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவரை, ஐந்து வருஷம், டிரான்ஸ்பர் கேட்க மாட்டேன். அம்மா அழுதார். ஆனால் பேசினார்.

ஐயா, மூன்று வருஷமாகக் கணக்குச் சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு நோட்டு. எனக்குப் பிறகு தமிழ் தெரியாதவர் வந்தால் அவருக்கு உதவும். உங்களிடம் தரட்டுமா?

வடக்கே ஆறு வருஷம், வேலந்தாவளம்:
குளிர்காலத்தில் குன்சும் கணவாய் மூடிவிடும், மணாலி வழியை நம்பாதீர்கள். சிம்லா, ரெக்காங் பியோ வழியாகப் போங்கள். பியோவில் இரண்டு ராத்திரி தங்குங்கள், உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். போன ஒரு வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், சித்தூர்:
நோட்டைக் கொண்டுவா அம்மணி, சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். நீ போகக் கூடாது என்றுதான் அன்றைக்கும் சொல்வேன்.