ஆல்பர்ட்டாவின் நவம்பர் குளிரில் பரணில் உட்கார எத்தகைய பேன்ட் வாங்க வேண்டும்?

மார்த்தாண்டம்_ரப்பர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்காவின் வீட்டுக்கு நவம்பர் தொடக்கத்தில் செல்லவிருக்கிறேன். அத்தான் ஆண்டுதோறும் உரிமம் பெற்று வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை என்பதால், அங்கே அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, துப்பாக்கி ஏதும் எடுக்காமல் துணையாக மட்டும் உடன் செல்லலாம் என்றிருக்கிறேன்.

விடியும் முன்பே மரத்தில் கட்டிய பரணில் ஏறி, முற்பகல் வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். காலையில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகை இருக்கும் என்றும், காற்று வீசினால் அதைவிட மோசமாகத் தோன்றும் என்றும் அத்தான் சொல்கிறார். மார்கழியிலும் ஒற்றைப் போர்வையோடு உறங்குகிற எனக்கு அது எப்படிப்பட்ட குளிர் என்று ஊகிக்கவே முடியவில்லை. மேலுக்கு அத்தானின் பழைய கோட்டு இருக்கிறது. காலுக்குத்தான் வாங்க வேண்டும். பனிச்சறுக்குக்காரர்கள் அணியும் நைலான் பேன்ட், வாத்து இறகுத் தூவி அடைத்த பேன்ட், கனத்த கம்பளி பேன்ட் ஆகிய மூன்றையும் இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். இவற்றில் எதை வாங்கலாம்? இங்கேயே வாங்கிக்கொண்டு போவது நல்லதா?

கொல்லங்கோடு_எட்மன்டன் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கப்போவது நடப்பதற்கான பேன்ட் அன்று, உட்காருவதற்கான பேன்ட். பனிச்சறுக்கு பேன்ட் ஓயாமல் அசைந்து உடலே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறவர்களுக்காகத் தைக்கப்படுவது. அதில் அடைப்பு குறைவாகவே இருக்கும். அதன் நைலான் மேல்துணி, கால் மாற்றிப் போடும் ஒவ்வொரு முறையும் சரசரக்கும். பனி மூடிய காட்டின் நிசப்தத்தில் அந்தச் சத்தம் மானுக்கு நன்றாகவே கேட்கும். அத்தானின் அந்தக் காலை வீணாகிவிடும்.

இறகுத் தூவி எடைக்கு எடை மிகுந்த சூடு தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடல் எடை அழுத்தும் இடத்தில் அது நசுங்கித் தட்டையாகிவிடும்; நனைந்தால் உப்பலை இழந்து பயனற்றுப் போகும். செயற்கை இழை அடைப்பு சற்றே கனமானது என்றாலும் ஈரத்திலும் ஓரளவு சூட்டைத் தக்கவைக்கும். ஆகவே செயற்கை இழை அடைத்து, மேல்துணி மட்டும் மயிர் எழுப்பிய மென்மையான பாலியஸ்டரால் ஆன, வேட்டைக்கென்றே செய்யப்பட்ட பேன்ட்டைத் தேடுங்கள். விவரச் சீட்டில் 100 கிராம், 200 கிராம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் அடைப்பின் எடையைத்தான் குறிக்கும்; முழு பேன்ட்டின் எடையை அன்று. அசையாமல் உட்கார எண் கூடியதே நல்லது.

இடுப்போடு நிற்கும் பேன்ட்டைவிட, மார்பு வரை ஏறித் தோள்வாரில் தொங்கும் வகையை எடுங்கள். இங்கே அதைப் பிப் என்பார்கள். குனியும்போது சட்டை மேலேறி முதுகின் அடிப்பகுதி திறந்துகொள்ளும் தொல்லை அதில் கிடையாது. பக்கவாட்டு ஜிப் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை முழுமையாகத் திறக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காரணம், பரண் வரை நடந்து போகும்போது இதை அணியவே கூடாது. பையில் கட்டிச் சுமந்து சென்று, மரத்தடியில் பூட்ஸைக் கழற்றாமலே மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தே அணிந்து நடந்தால் உள்ளே வியர்த்துவிடும். உட்கார்ந்த சிறிது நேரத்தில் அந்த வியர்வையே உங்களை நடுங்க வைக்கும்.

இங்கு வந்து வாங்குங்கள். நம் பக்கக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மணாலிச் சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கான சரக்கு.

தக்கலை_முன்னாள்படைவீரர் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை சரி. லடாக்கில் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மேலே அணிவதைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நீங்கள் உள்ளே அணிவதைப் பற்றிக் கேட்கவில்லை. தெர்மல் என்ற பெயரில் நம்மூர்த் துணிக்கடைகளில் விற்பதில் பல பருத்தி கலந்தவை. சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நம் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சியது இல்லை, ஆனால் அது உறிஞ்சிய வியர்வையை விடாமல் தோலோடு ஒட்டி நிற்கும் என்பதால் அந்தக் குளிருக்குப் பகை. மெரினோ கம்பளியோ முழு பாலியஸ்டரோ இருக்கட்டும். ஜீன்ஸ் அணிந்து அதன்மேல் பிப்பை மாட்டிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

அடுத்தது அளவு. சூட்டைக் காப்பது துணியைவிட அதற்குள் அடைபட்டு நிற்கும் காற்றுதான். இறுக்கமாக அணிந்தால் அந்தக் காற்று வெளியேறி, விலை உயர்ந்த பேன்ட்டும் வெறும் துணியாகிவிடும். உள்ளே அணிபவை அனைத்தையும் அணிந்துகொண்டு கடையிலேயே குந்தி உட்கார்ந்து பாருங்கள். முழங்காலிலும் தொடையிலும் பிடித்தால் ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். அங்கே இடுப்பளவோடு காலின் நீளத்தையும் தனியாகக் குறிப்பார்கள். நம் உயரத்துக்குப் பெரும்பாலும் குட்டை நீளமே பொருந்தும். இல்லையென்றால் மடித்து மடித்துப் பரணின் ஏணியில் தடுக்கி விழ நேரும்.

கம்பளியைப் பற்றி நண்பர் ஒன்றும் சொல்லாமலே விட்டுவிட்டது எனக்கு ஏற்பில்லை. அதைப்போலச் சத்தமில்லாத துணி வேறில்லை. ஈரமானாலும் சூடு தரும். நெருப்புப் பொறி பட்டால் நைலானைப்போல உருகி ஓட்டையாகாது. காற்று உள்ளே புகுவதும், நனைந்தால் கனப்பதும், உலரத் தாமதமாவதும் அதன் குறைகள். சுற்றிலும் தடுப்புள்ள பரணாக இருந்தால் நான் கம்பளியைத்தான் எடுப்பேன். திறந்த பரண் என்றால் காற்றுத் தடுப்புத் துணி உள்ள பிப்பே மேல்.

மார்த்தாண்டம்_ரப்பர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பரண் திறந்ததுதான், தடுப்பு ஏதும் இல்லை என்று அத்தான் சொன்னார். அப்படியானால் பிப் என்று முடிவாயிற்று. இன்னும் இரண்டு ஐயங்கள். முழுவதும் நீர்புகாத பேன்ட்டுக்கு விலை ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கிறதே, அது அவசியம்தானா? நிறம் இலை தழை போட்டதாக இருக்க வேண்டுமா?

கொல்லங்கோடு_எட்மன்டன் எழுதியது:

நல்ல குளிரில் விழும் பனி காய்ந்த பொடியாக இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். அதற்கு நீர்புகாமையைவிடக் காற்றுப் புகாமையே முக்கியம். ஆனால் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் நாட்களில், உட்கார்ந்த இடத்துப் பனி உருகி உள்ளே ஏறும். இருக்கைப் பகுதியிலும் முழங்காலிலும் மட்டும் நீர்புகாத துணி வைத்துத் தைத்தவை கிடைக்கின்றன, அது போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு தடித்த நுரை இருக்கைத் தகடு வாங்குங்கள். இரும்புப் பரண் உடலின் சூட்டை உறிஞ்சுவதைத் தடுப்பதில் எந்த பேன்ட்டும் அதற்கு ஈடாகாது.

நிறத்துக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும். நீலமும் அதற்கு அப்பாற்பட்ட புற ஊதா ஒளியும்தான் நன்றாகத் தெரியும். எனவே நீல நிற பேன்ட்டைத் தவிருங்கள். வெண்மை கூட்டும் பொருள் கலந்த சலவைத்தூளில் துவைக்காதீர்கள், அது துணியைப் புற ஊதாவில் ஒளிர வைக்கும். ஆரஞ்சு அணிவது பற்றிய சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். சட்டம் என்னவாக இருந்தாலும், துப்பாக்கியோடு பலர் நடமாடும் காட்டுக்குள் துணையாகப் போகிறவர் மேலே ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் அணிவதுதான் பாதுகாப்பு.

தக்கலை_முன்னாள்படைவீரர் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. திறந்த பரணில் விழாமல் காக்கும் பாதுகாப்பு வார் கட்டியாக வேண்டும். அதன் பட்டைகள் தொடையைச் சுற்றி வரும். கடையில் அணிந்து பார்க்கும்போது அத்தானின் வாரையும் எடுத்துச் சென்று பிப்பின் மேலே கட்டிப் பாருங்கள். பிப்பின் பைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, முன்பக்க ஜிப் கீழிருந்தும் திறக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். சூடான காப்பியைக் குடித்துவிட்டு ஏறிய பிறகு, அந்தக் கீழ் ஜிப் இல்லாத பிப் பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் விடும்.