ஜெர்சி இரத்தம் ஏறிய பசுவுக்கு அடுத்து எந்தக் காளை?

வணக்கம். நான் சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். கோபிசெட்டிபாளையம் அருகே ஊரில் மாடுகளை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். இரண்டு ஈத்து கண்ட எங்கள் பசு ஒன்று, சினை ஊசி போட்டும் சினை நிற்காமல் மறுபடி மறுபடி பருவத்துக்கு வருகிறது.

அதன் பாட்டி, காங்கேயம் பசுவுக்கும் ஜெர்சிக் காளைக்கும் பிறந்தது. வெயிலுக்கும் அசையாது, பாலும் நிறைவாகத் தரும். அதன் பிறகு இரண்டு தலைமுறையும் ஜெர்சி விந்துதான். இப்போது இந்தப் பசுவில் ஜெர்சி இரத்தம் 87.5 சதவீதம். கலப்பின வீரியம், அதாவது இரு இனம் கலப்பதால் கன்றுக்குக் கிடைக்கும் கூடுதல் வலு, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் குறைந்திருக்கும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது, 12 லிட்டர் கறந்தது 7 லிட்டராகிவிடுகிறது.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார், கருப்பையில் குறையில்லை. குடற்புழு நீக்கம் செய்தோம், தாது உப்புக் கலவை கொடுக்கிறோம். கொட்டகைக்குத் தென்னங்கீற்று வேய்ந்தோம். பருவம் தெரிந்த 12 மணி நேரத்தில் ஊசி போட்டும் பார்த்தாயிற்று. விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டிப் பசுவின் வழியில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

தூய காங்கேயம் விந்து போட்டால் கன்றின் ஜெர்சி இரத்தம் 43.75 சதவீதமாக இறங்கும், பால் குறையலாம். 50 சதவீதம் ஜெர்சி இரத்தம் உள்ள கலப்பினக் காளை என்றால் 68.75.

இங்கே லிம் சூ காங் பக்கமோ ஊரிலோ மாடு வளர்த்த அனுபவம் உள்ளவர்கள், கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்: பாலும் வெயில் தாங்கும் திறனும் சேர்ந்து கிடைக்க, இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?