பி.எஸ். டீகார்பாக்ஸிலேஸ்: பி.இ. புள்ளி வரவே இல்லை, உதவி தேவை

மதுரை, திண்டுக்கல் பக்கம் லிப்பிட் (கொழுப்புப் பொருள்) வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் பாஸ்பாட்டிடைல்செரின் டீகார்பாக்ஸிலேஸ் நொதியை வைத்து பாஸ்பாட்டிடைல்செரின் (பி.எஸ்.) என்ற லிப்பிடை பாஸ்பாட்டிடைல்எத்தனோலமைன் (பி.இ.) ஆக்கப் பார்க்கிறோம். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும் பி.எஸ். புள்ளி குறையாமல் அப்படியே நிற்கிறது.

பாஸ்பேட் பஃபர், பி.எச். 7, ட்ரைட்டான் (லிப்பிடைக் கரைக்கும் சோப்பு மாதிரிப் பொருள்) 0.1 சதவீதம். குளோரோஃபார்ம்–மெத்தனால் 2:1இல் பிரித்தெடுத்து, லிப்பிடுகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் சிலிக்கா தட்டில் குளோரோஃபார்ம்–மெத்தனால்–அசிட்டிக் அமிலம் 65:25:10 கலவையில் ஓட்டினோம். நின்ஹைட்ரின் தெளிப்பு இரண்டு லிப்பிடுக்கும் நிறம் காட்டும். கடையில் வாங்கிய பி.இ. பி.எஸ்.ஸுக்கு மேலே அழகாக ஏறுகிறது, அதனால் தட்டைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசி ஈரத்தில் சிலிக்கா தண்ணீர் குடித்துவிடும் என்று 110 டிகிரியில் காயவைத்துத்தான் ஓட்டுகிறோம். குழாய் எல்லாம் கண்ணாடி. பிளாஸ்டிக்கில் குளோரோஃபார்ம் பட்டால் இல்லாத புள்ளியெல்லாம் முளைக்கும்.

சந்தேகம் நொதி மேல்தான். இது சுமார் 36 கிலோடால்டனாக உருவாகி, கிளைசின்–செரின் இடையே தானே வெட்டிக்கொண்டு 29, 7 என இரண்டாகும். அந்த வெட்டில் செரினிலிருந்து பிறக்கும் பைருவாயில் தொகுதி இல்லாமல் வேலை நடக்காது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எங்கள் ஜெல்லில் 36 தடித்து நிற்கிறது, 29 மங்கல். (7ஐத் தேட வேண்டாம், 12 சதவீத ஜெல்லில் அது ஓடிப்போய்விடும்.)

பாக்டீரியா வளர்ப்பை 18 டிகிரிக்கு இறக்கி, நொதி உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யைக் குறைத்தால் வெட்டு கூடுமா? இல்லை, ட்ரைட்டான் அதிகமாகி பி.எஸ். அதன் மைசெல்லில் (நுண்திரளில்) நீர்த்துப்போகிறதா? வேலை செய்யும் ஈ.கோலை சவ்வு மாதிரி யாரிடமாவது இருந்தால் ஒப்பிட 100 மைக்ரோலிட்டர் போதும், ஐஸ் பெட்டியோடு நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.